மூச்சு சரியானதும் மறந்துபோகும் நோய்

பெரியவர்களுக்கு வரும் ஆஸ்துமாவில் ஒரு விசித்திரம் உண்டு. தனக்கு அந்த நோய் இருப்பது நோயாளிக்கே பாதி நாள் நினைவிருக்காது. விடியற்காலை மூன்று மணிக்கு, யாரோ கயிறு போட்டுக் கட்டியது போல நெஞ்சு இறுகும். எழுந்து உட்கார்ந்து, இருட்டில் மேசையைத் துழாவி, இன்ஹேலரை எடுத்து இரண்டு பஃப் இழுப்பார். ஐந்து நிமிடத்தில் மூச்சு சீராகிவிடும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நடந்ததெல்லாம் கெட்ட கனவு மாதிரி. யாராவது கேட்டால், "ஆஸ்துமா எல்லாம் இல்லை, எப்போதாவது லேசா வீசிங் வரும், அவ்வளவுதான்" என்பார்.

சிக்கல் இந்தப் பதிலிலேயே தொடங்கிவிடுகிறது. வீசிங் என்பது சுருங்கிப்போன குழாய் வழியே காற்று போகும்போது எழும் விசில் சத்தம். நோய்க்கு அது பெயரே இல்லை. சத்தம் நின்ற பிறகும் குழாய்ச் சுவரில் அழற்சி அப்படியேதான் இருக்கும். நீறு பூத்த நெருப்பு என்பார்களே, ஆஸ்துமாவுக்கு அதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகம் முழுக்கச் சுமார் 26 கோடிப் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அந்த ஒரே ஆண்டில் சுமார் 4,55,000 பேர் அதனால் இறந்தார்கள். கட்டுக்குள் வைக்கக்கூடிய ஒரு நோய்க்கு இது பெரிய எண்ணிக்கை. அதற்கு மருந்து கிடைக்காதது ஒரு காரணம். கையில் இருக்கும் மருந்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது இன்னொன்று. இந்தக் கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

குழாய்க்குள் நடப்பது

நுரையீரலுக்குள் மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள சிறு குழாய்களாகிறது. குழாயைச் சுற்றி மெல்லிய தசை வளையம், உட்புறம் சளி சுரக்கும் படலம். ஆஸ்துமா உள்ளவருக்கு இந்தச் சுவரில் ஓயாத அழற்சி. கிருமி ஏதும் புகுந்திருக்க வேண்டியதில்லை. கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளையணுக்கள், குறிப்பாக இயோசினோஃபில் என்ற வகை, சண்டையே இல்லாத இடத்தில் முகாமிட்டு உட்கார்ந்திருக்கின்றன. அதனால் குழாய் எளிதில் முகம் சுளிக்கும் குழாயாகிவிடுகிறது. மற்றவர் கண்டுகொள்ளாத தூசி, புகை, குளிர்காற்று, வாசனைத் திரவியம், ஒரு சாதாரண ஜலதோஷம், சில சமயம் விழுந்து விழுந்து சிரிப்பது கூட அதைச் சுருங்க வைக்கப் போதும்.

அப்படிச் சுருங்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, கெட்டியான சளி உள்ளே அடைகிறது. தசை இறுகுவது நிமிடக் கணக்கில் நடக்கும். வீக்கமும் சளியும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் சேரும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். நள்ளிரவில் இழுக்கும் அந்த இரண்டு பஃப் சால்பியூட்டமால் தசையை மட்டும்தான் தளர்த்தும். மற்ற இரண்டையும் அது தொடுவதே இல்லை.

இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. ஆஸ்துமாவில் கஷ்டப்படுவது முக்கியமாக வெளிமூச்சு. உள்ளே இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழாய்களும் கொஞ்சம் இழுபட்டுத் திறக்கும். வெளியே விடும்போது எல்லாம் சுருங்க, ஏற்கெனவே குறுகிய குழாய் இன்னும் குறுகிவிடும். பழைய காற்று முழுக்க வெளியேறாமல் தங்கிப்போகிறது. அடுத்த மூச்சு அதன் மேல் வந்து சேர்கிறது. "மூச்சை இழுக்கவே முடியவில்லை" என்று நோயாளி சொல்வது இதனால்தான். நிரம்பிய குடத்தில் இன்னும் எவ்வளவு ஊற்ற முடியும்?

விடியற்காலைக்கும் காரணம் உண்டு. யாருக்குமே அதிகாலை நான்கு மணி வாக்கில்தான் மூச்சுக்குழாய் மிகக் குறுகலாக இருக்கும். உடலின் உள்கடிகாரம் அப்படி. நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது. அழற்சி உள்ள நுரையீரல் அந்தச் சிறு சரிவிலேயே தடுக்கி விழும். அதனால்தான் மருத்துவர்கள் "இரவில் எழுந்துகொள்கிறீர்களா?" என்று விடாமல் கேட்கிறார்கள்.

உடனடி நிவாரணம் என்ற பொறி

1956-ல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகம், அழுத்திவிட்டால் அளவாக மருந்து பீச்சும் கையடக்க இன்ஹேலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் கண்ணாடிக் குப்பியில் மருந்தை ஊற்றி, ரப்பர் பல்பைப் பிசைந்து பிசைந்துதான் இழுக்க வேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகும் வசதி நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றியது, சந்தேகமில்லை. ஆனால் 1960-களில் ஐசோபிரினலின் என்ற மருந்தின் வீரியம் கூட்டிய வடிவம் விற்ற பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென ஏறின. 1976-ல் ஃபெனோடெரால் அறிமுகமான நியூசிலாந்தில் மறுபடி அதே கதை. அந்த மருந்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகுதான் மரணங்கள் இறங்கின. மருந்தே இதயத்தைத் தாக்கியதா, அல்லது மருந்து தந்த தெம்பில் மக்கள் மருத்துவமனைக்குப் போகத் தாமதித்தார்களா என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

1969-ல் வந்த சால்பியூட்டமால் இவற்றைவிட இதயத்துக்கு மென்மையானது. அதனால் உலகமே அதைக் கையில் எடுத்துக்கொண்டது. இழுக்கும் முறை மட்டும் மாறவில்லை: இறுகினால் இழு, தளர்ந்தால் மற. இப்படித் தினமும் பல தடவை இழுத்தால், மருந்து போய் உட்கார வேண்டிய ஏற்பிகள் ஒன்றிரண்டு வாரத்திலேயே மழுங்க ஆரம்பிக்கும். குழாயின் முகச்சுளிப்பு முன்பைவிடக் கூடும். போன மாதம் இரண்டு பஃப்பில் அடங்கியது இந்த மாதம் நான்கு கேட்கும்.

இதற்கு மறுபக்கத்தைக் காட்டியது கனடாவின் சஸ்காட்செவன் மாகாணப் பதிவேடுகளிலிருந்து செய்த ஓர் ஆய்வு. 30,000-க்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2000-ல் வெளியிட்டார்கள். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டை, அதாவது அழற்சியையே அடக்கும் மருந்தை, ஓராண்டில் கூடுதலாக ஒரு குப்பி பயன்படுத்தியிருந்தால் ஆஸ்துமாவால் இறக்கும் விகிதம் 21 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் குறைந்த அளவு ஸ்டீராய்டில்.

பிரிட்டனில் 2014-ல் வெளியான ஆஸ்துமா மரண ஆய்வு அறிக்கை இன்னும் நேரடியானது. 195 மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். மருந்துச்சீட்டு விவரம் கிடைத்த 165 பேரில் 65 பேர், இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட உடனடி நிவாரண இன்ஹேலர்கள் வாங்கியிருந்தார்கள். மாதம் ஒன்றுக்கு மேல்! ஒரு குப்பியில் பொதுவாக 200 பஃப் இருக்கும். நோய் கைமீறிப்போவதை அந்தச் சீட்டுகளே சொல்லிக்கொண்டிருந்தன. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்னொரு கணக்கும் அதில் உண்டு. நோயின் தீவிரத்தைக் கணிக்க முடிந்த 155 பேரில், "கடுமையான ஆஸ்துமா" என்று வகைப்படுத்தக்கூடியவர்கள் 61 பேர்தான். மீதிப் பேரில் பெரும்பாலோர் லேசான அல்லது நடுத்தர நோயாளிகள். "எனக்கு லேசாத்தான் இருக்கு" என்பது காப்பீடு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1993-ல் தொடங்கிய ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா அமைப்பு, 2019-ல் தன் வழிகாட்டுதலைத் தலைகீழாகத் திருப்பியது. பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும், எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும், சால்பியூட்டமால் போன்ற மருந்தை மட்டும் தனியாகக் கொடுப்பதை இனி பரிந்துரைப்பதில்லை என்றது. ஐம்பதாண்டு வழக்கம் ஒரே வரியில் போனது. இருந்தும் பழைய பழக்கம் இன்னும் பல கைப்பைகளில் உட்கார்ந்திருக்கிறது.

அதற்குப் பதிலாக இப்போது முன்னால் வைக்கப்படுவது ஒரு கூட்டு மருந்து. புடசொனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோடெரால் என்ற விரிவாக்கியும் ஒரே இன்ஹேலரில். ஃபார்மோடெரால் சால்பியூட்டமால் மாதிரியே சில நிமிடங்களில் வேலையைத் தொடங்கும். விளைவு சுமார் 12 மணி நேரம் நிற்கும். இறுக்கம் வரும்போது இதை இழுத்தால், தசை தளரும்போதே கொஞ்சம் ஸ்டீராய்டும் கூடப் போய்விடும். நோய் கூடும் நாட்களில் நோயாளி அடிக்கடி இழுப்பார். அழற்சி மருந்தும் தானாகவே கூடும். நம் மறதியையும் சோம்பலையும் கணக்கில் எடுத்துச் செய்த ஏற்பாடு என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் செய்து 2018-ல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், தேவைப்படும்போது மட்டும் இதை இழுத்தவர்களும், தினமும் ஸ்டீராய்டு எடுக்கச் சொல்லப்பட்டவர்களும், கடுமையான தாக்குதல்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். முதல் கூட்டத்தாருக்குள் போன ஸ்டீராய்டின் அளவு மிகவும் குறைவு. ஆனால் தினசரி அறிகுறிகளைக் கட்டுப்படுத்துவதில் தினசரி ஸ்டீராய்டுதான் சற்று மேல். அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கூட்டு இன்ஹேலரையும் இப்படி இறுக்கத்துக்கு இழுக்க முடியாது. சால்மெடெரால் கலந்தவை மெதுவாக வேலை செய்பவை. காலை, மாலை என்று நேரத்துக்கு மட்டும்தான். எது எந்த வகை என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ ஒரு தடவை தெளிவாகக் கேட்டு, குப்பியின் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்வது நல்லது.

ஸ்டீராய்டு பயம்

"ஸ்டீராய்டா? வேண்டாம்" என்பதும், "இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது, மாத்திரையே கொடுங்கள்" என்பதும் எந்த மருத்துவருக்கும் பழகிப்போன வசனங்கள். இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரியாமலில்லை. வாய்வழி ஸ்டீராய்டை நீண்ட நாள் தின்றவர்களின் முகம் ஊதுவதையும், சர்க்கரை ஏறுவதையும், எலும்பு தேய்வதையும் பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் இங்கே அளவைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் புடசொனைடின் குறைந்த அளவு என்பது ஒரு நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். தாக்குதல் வந்து மருத்துவமனைக்குப் போனால் கொடுக்கும் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை பொதுவாக ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம், ஐந்து முதல் ஏழு நாள். இரண்டும் வேறு வேறு மருந்து, வீரியமும் வேறு. எடைக்கு எடை ஒப்பிடுவது சரியாகாது. இருந்தாலும் எது சிட்டிகை, எது படி என்பது தெரிகிறதல்லவா? இன்ஹேலருக்குப் பயந்து நோயை வளரவிட்டவர், ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவை அந்த மாத்திரைகளைத்தான் விழுங்கப்போகிறார். எதற்குப் பயந்தாரோ அதுவே வேறு வாசல் வழியாக வந்துவிடும்.

பக்கவிளைவே இல்லை என்று சொல்ல மாட்டேன். குரல் கரகரக்கும், வாயில் வெள்ளைப் பூஞ்சை படியலாம். இழுத்த பிறகு தண்ணீரால் வாய் கொப்பளித்துத் துப்புவது இதற்காகத்தான். அதிக அளவை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் கண்புரை, எலும்பு அடர்த்தி ஆகியவற்றில் ஒரு கண் வைக்க வேண்டும். நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவுக்கு இறங்கிவருவதுதான் மருத்துவத்தின் நோக்கமும். மூச்சு மூன்று மாதம் போல நன்றாக இருந்தால் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். நோயாளி தானாகவே ஒரு நல்ல நாள் பார்த்து முழுவதும் நிறுத்திவிடுவது வேறு. அழற்சி உடனே திரும்பாது, சில வாரங்கள் சத்தமில்லாமல் போகும். அந்த அமைதியைப் பார்த்து, "நிறுத்தினேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றுவதுதான் ஆபத்து.

இழுக்கும் முறை

இன்ஹேலர் பயன்படுத்துவோரில் 80 சதவீதம் வரை சரியான முறையில் இழுப்பதில்லை என்கிறது ஜினா. வாங்கிக் கொடுத்தவர் சொல்லித்தரவில்லை, அல்லது சொல்லித்தந்தது ஒரு மாதத்தில் மறந்துபோனது. மருந்து தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போகும். நோயாளி "இந்த மருந்து கேட்கவில்லை" என்பார். மருத்துவர் இன்னும் வீரியமானதை எழுதுவார். நல்ல கதைதான்.

பீச்சும் வகையில் முதலில் குலுக்க வேண்டும். மூச்சை மெதுவாக முழுக்க வெளியே விட வேண்டும். இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். பிறகு உதட்டால் வாய்ப்பகுதியை இறுகக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும் அதே கணத்தில் அழுத்த வேண்டும். அவசரமாக இழுத்தால் மருந்துத் துளிகள் தொண்டைச் சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். இழுத்ததும் சுமார் 10 வினாடி மூச்சை நிறுத்தினால் துளிகள் சிறு குழாய்களில் படிய நேரம் கிடைக்கும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நேரத்தில் செய்வது நினைப்பதைவிடக் கடினம். ஸ்பேசர் என்ற அந்தப் பிளாஸ்டிக் குடுவை இதற்காகவே பிறந்தது: மருந்து அதற்குள் பீச்சி நிற்கும், நாம் நிதானமாக இழுக்கலாம். குழந்தைகளுக்கானது என்று பெரியவர்கள் அதை ஒதுக்குவது வெறும் கௌரவப் பிரச்சினை.

தூள் வகைக்கு விதி நேர்மாறு. அதில் வாயு இல்லை. நம் மூச்சின் வேகமே தூளைக் கிளப்ப வேண்டும். ஆகவே பலமாக, ஆழமாக, வேகமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் ஊதிவிடக் கூடாது, ஈரத்தில் தூள் கட்டிக்கொள்ளும். இரண்டு வகையையும் வைத்திருப்பவர்கள் ஒன்றின் முறையை மற்றதில் பிரயோகித்துக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. முடிந்தால் ஒரே வகையாகக் கேட்டு வாங்குவது மேல்.

நெபுலைசர் பற்றியும் ஒரு வார்த்தை. முகமூடி, மோட்டார் சத்தம், புகை மாதிரி வரும் மருந்து, இதெல்லாம் பார்க்கப் பெரிய வைத்தியம் போலத் தெரியும். உயிருக்கு ஆபத்தான தாக்குதல்களை விட்டுவிட்டால், ஸ்பேசர் வழியாகச் சரியாக இழுத்த மருந்து நெபுலைசர் செய்யும் வேலையையே செய்கிறது. அப்புறம், குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மீதி மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தையை நம்ப வேண்டாம். எண் காட்டும் வகை என்றால் அந்த எண்தான் கணக்கு.

அது ஆஸ்துமாதானா?

மூச்சு வாங்குவதெல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. கனடாவில், முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருந்த 613 பெரியவர்களை வரவழைத்து, படிப்படியாக மருந்தைக் குறைத்து, முறைப்படி சோதித்துப் பார்த்தார்கள். 2017-ல் வெளியான முடிவு: அவர்களில் 203 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, அப்போது ஆஸ்துமாவே இல்லை. சிலருக்கு இருந்து போயிருக்கலாம்; சிலருக்கு முதலிலேயே தப்பாகச் சொல்லியிருக்கலாம். மிகச் சிலருக்கு உண்மையில் இருந்தது இதய நோய் போன்ற வேறு தீவிரக் கோளாறு.

ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை இதற்குத்தான். முதல் வினாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ள முடிகிறது என்று பார்ப்பார்கள். பிறகு விரிவாக்கி மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொல்வார்கள். அளவு 12 சதவீதமும், 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவுக்கு ஆதரவான சான்று. அடைப்பு மருந்தால் நீங்குகிறது என்பதுதான் இங்கே துப்பு. ஆனால் நல்ல நாளில் போய் ஊதினால் எல்லாமே சரியாக வரும். அதனால் வீட்டிலேயே, காற்றை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் இரண்டு வாரம் ஊதி எழுதிவரச் சொல்வதும் உண்டு. நாளுக்கு நாள், வேளைக்கு வேளை ஏறி இறங்குவது இந்த நோயின் கையெழுத்து. மாறாத மூச்சுத்திணறல், அதுவும் நீண்ட நாள் புகைபிடித்தவருக்கு என்றால், வேறு நுரையீரல் நோயை முதலில் யோசிக்க வேண்டும். மூச்சைவிட இருமலே முன்னால் நிற்கும் ஆஸ்துமாவும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் தரும் வறட்டு இருமலும் உண்டு. வயிற்று அமிலம் மேலேறுவது, குரல்நாண் தவறான நேரத்தில் மூடிக்கொள்வது என ஆஸ்துமா வேடம் போடுபவை ஏராளம்.

வேலையும் மாத்திரையும்

சிறு வயதில் இல்லாமல் முப்பது, நாற்பதில் புதிதாக வரும் ஆஸ்துமாவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: என்ன வேலை பார்க்கிறீர்கள்? மாவுத் தூசியில் நிற்கும் பேக்கரி ஊழியர், ஐசோசயனேட் கலந்த பெயிண்ட் தெளிப்பவர், மரத்தூளில் இருக்கும் தச்சர், நாள் முழுக்க வீரியமான கிருமிநாசினிகளைக் கையாளும் துப்புரவுப் பணியாளர், ஆய்வக விலங்குகளைப் பராமரிப்பவர் என்று பட்டியல் நீளம். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஆஸ்துமாவில் ஏறக்குறைய ஏழில் ஒன்று வேலையோடு தொடர்புடையது என்று மதிப்பிடுகிறார்கள். விடுமுறையில் போனால் மூச்சு தெளிகிறதா, வேலைக்குத் திரும்பியதும் மறுபடி இறுகுகிறதா என்ற ஒரே கேள்வி பாதி நோயறிதலைச் செய்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்து அந்தப் பொருளிலிருந்து விலகினால் முழுவதும் குணமாகக்கூட வாய்ப்பு உண்டு. வருடக்கணக்கில் தொடர்ந்தால் வேலையை விட்ட பிறகும் நோய் கூடவே வரும். பிழைப்பா மூச்சா என்ற அந்த முடிவு எளிதானதில்லை என்பது தெரிந்தே சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் உள்ள சிலருக்கு ஆஸ்பிரினோ, இபுப்ரோஃபென் வகை வலிமாத்திரையோ இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான தாக்குதலைக் கொண்டுவரும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் புரோபிரனலால் போன்ற பீட்டா தடுப்பிகளும் குழாயைச் சுருக்கும். கண் அழுத்த நோய்க்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்து கூட. கண்ணில் விடும் ஒரு சொட்டு நெஞ்சை இறுக்குமென்று யாருக்குத் தோன்றும்? அதனால் கண் மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மகரந்தத்துக்கு மூக்கொழுகுபவர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் நகரில் ஓர் இடிமழை வந்தது. புல் மகரந்தம் ஈரத்தில் வெடித்து நுண்துகள்களாகிக் காற்றில் இறங்கியது. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா இருப்பதாக யாருமே சொன்னதில்லை.

புகைபிடிப்பதைப் பற்றித் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை. அது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டின் பலனையே குறைத்துவிடும் என்பது மட்டும் பலர் அறியாதது. கர்ப்பிணிகள் விஷயமும் அப்படி. குழந்தைக்கு ஆகாது என்று இன்ஹேலரை நிறுத்துவதுதான் குழந்தைக்கு ஆகாதது, ஏனென்றால் தாயின் தாக்குதலில் ஆக்சிஜன் குறைவது இருவருக்கும். மூச்சுப்பயிற்சி பதற்றத்தைக் குறைக்கும், மூச்சைச் சீராக்கும். செய்யலாம். அழற்சியை அது தொடாது.

எப்போது ஓட வேண்டும்

நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய நான்கு கேள்விகள் போதும், கடந்த நான்கு வாரத்தைப் பற்றி. வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் பகலில் இறுக்கம் வந்ததா? இரவில் எழுப்பியதா? சால்பியூட்டமாலை வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இழுக்க வேண்டியிருந்ததா? செய்ய நினைத்த எதையாவது மூச்சுக்குப் பயந்து செய்யாமல் விட்டீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலே மருத்துவரைப் பார்க்கக் காரணம் இருக்கிறது. கடைசிக் கேள்விதான் நுட்பமானது. மாடிப்படியை விட்டு லிஃப்ட்டுக்கு மாறியதை யாரும் நோயாகச் சொல்வதில்லை, வயசாகிவிட்டது என்பார்கள்.

எழுத்தில் ஒரு செயல்திட்டம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அறிகுறிக்கு எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது, எப்போது மருத்துவமனை என்பது அதில் இருக்க வேண்டும். மூச்சுத்திணறும்போது யோசிக்க முடியாது. யோசித்து வைத்ததைப் பார்க்கத்தான் முடியும். பிரிட்டன் அறிக்கையில் இறந்தவர்களில் 45 சதவீதம் பேர், மருத்துவ உதவி தேடாமலோ அது வந்து சேரும் முன்போ போய்விட்டவர்கள்.

ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியவில்லை, முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் தாங்குகிறது, மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், நாடித்துடிப்பு 120-க்கு மேல், பீக் ஃப்ளோ உங்கள் வழக்கமான உச்சத்தில் பாதிக்கும் கீழே என்றால் அது கடுமையான தாக்குதல். உதடு நீலம் பாய்வது, தூக்கக் கலக்கம், குழப்பம் வந்தால் நிலைமை அதற்கும் மேல். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது அமைதியான நெஞ்சு. இவ்வளவு நேரம் கேட்ட விசில் சத்தம் சட்டென்று நின்று, நோயாளியும் சோர்ந்துபோனால், குணமாகிறது என்று நினைத்துவிடாதீர்கள். விசிலடிக்கக்கூடக் காற்று போகவில்லை என்று பொருள். உடனே அவசர ஊர்தியை அழைத்து, நிமிர்ந்து உட்கார வைத்து, சால்பியூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக, அரை நிமிடம் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு, 10 பஃப் வரை கொடுக்கலாம். கூட்டு இன்ஹேலரை நிவாரணத்துக்கு வைத்திருப்பவருக்கு அவருடைய செயல்திட்டத்தில் உள்ள அளவு. படுக்க வைக்கக் கூடாது. தூக்க மாத்திரை கூடவே கூடாது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு சில நாட்களுக்குள் மறுபடி மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. தசை தளர்ந்திருக்கும், வீக்கமும் சளியும் இன்னும் வடிந்திருக்காது. முன்பு மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்த வித்தியாசம் இங்கேதான் வேலைக்கு வருகிறது.

எல்லாம் சரியாகச் செய்தும் அடங்காத ஆஸ்துமா சிலருக்கு உண்டு. ஜினா எடுத்துக்காட்டும் ஒரு கணக்குப்படி, ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் உண்மையிலேயே கடுமையான வகை 3.7 சதவீதம் பேருக்குத்தான். அவர்களுக்காக, அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட மூலக்கூறுகளை மட்டும் குறிவைக்கும் ஊசிமருந்துகள் வந்திருக்கின்றன. 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒமலிசுமாப் இதில் முன்னோடி. 2015-ல் இயோசினோஃபில்களைக் குறைக்கும் மெபொலிசுமாப் வந்தது. ஆண்டுக்குப் பலமுறை ஸ்டீராய்டு மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்த சிலருக்கு இவை மறுவாழ்வு. விலை மிக அதிகம். ரத்தப் பரிசோதனை பார்த்து யாருக்குப் பலிக்கும் என்று தேர்ந்தெடுத்துத்தான் கொடுப்பார்கள். அந்த ஊசியைக் கேட்டுக் கடும் ஆஸ்துமா சிறப்பு மருத்துவரிடம் போனால், ரத்தம் எடுப்பதற்கும் முன்னால் அவர் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: "உங்கள் இன்ஹேலரை எடுங்கள். எப்படி இழுக்கிறீர்கள் என்று ஒருமுறை செய்து காட்டுங்கள், பார்க்கலாம்."